பிடி கொடுத்துப் பேசுவது

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன்: "எனக்குப் பேச ஆளில்லாமல் இல்லை. அலுவலகத்தில் பேசுகிறேன், நண்பர்களோடு பேசுகிறேன், அண்ணனோடு வாரம் ஒரு தடவை போனில் பேசுகிறேன். ஆனால் எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. அண்ணனோடு பேச்சு நாலு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 'எல்லாம் நல்லாயிருக்கு, உனக்கு?' 'நல்லாயிருக்குண்ணே.' அவ்வளவுதான். போன வாரம்கூட வைக்கிற நேரத்தில், இப்போதெல்லாம் தூக்கம் சரியாக வருவதில்லை என்றார். டாக்டரைப் பாருங்கண்ணே என்றேன், வைத்துவிட்டார். மனம் விட்டுப் பேச என்ன மாதிரிக் கேள்விகள் கேட்க வேண்டும்? பட்டியல் ஏதாவது இருக்கிறதா?"

பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ரொம்பப் பிரபலமான ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மனநல ஆலோசகர்களாக வரப்போகிறவர்களுக்குக் கேட்கப் பழக்குவது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். முதல் நாள் வருகிற எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள்: "நல்ல கேள்வியாக நாலு சொல்லுங்க." நான் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்ற யோசனையிலேயே இருப்பார்கள், எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழாது.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பேச்சு சம்பந்தப்பட்ட பாதி விஷயங்களை நாம் 'கொடு' என்ற வினையை வைத்தே சொல்கிறோம். ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கிறோம். காது கொடுக்கிறோம். முகம் கொடுத்துப் பேசுகிறோம். அதிகம் இடம் கொடுத்துவிட்டோமோ என்று கவலைப்படுகிறோம். இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிடி கொடுப்பது'. மழுப்பலாகப் பேசுகிறவரைப் பிடி கொடுக்காமல் பேசுகிறார் என்போம். அப்படியானால் மற்றவர்கள் எல்லோரும் பேசும்போது எங்கேயோ ஒரு பிடியை நீட்டிக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்று அர்த்தம். நம் பேச்சு மேலோட்டமாகவே போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: நீட்டிய பிடியை நாம் பார்ப்பதில்லை, நாமும் நீட்டுவதில்லை.

பிடி என்றால் எப்படி இருக்கும்? ஒரு சின்ன உதாரணம். இரண்டு தோழிகள், ரொம்ப நாள் கழித்துப் பேசிக்கொள்கிறார்கள்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுடி. நான்தான் கூடவே இருந்தேன், பதினோரு நாள்."

"எங்க மாமாவுக்கும் இதே ஆபரேஷன்தான். அவரு மூணே நாள்ல எழுந்து நடந்தாரு தெரியுமா? டாக்டர் யாரு?"

இரண்டாமவள் கெட்டவளில்லை. அக்கறையோடுதான் சொல்கிறாள், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் மாமாவை இழுக்கிறாள். ஆனால் முதல் தோழி சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஆபரேஷன் முடிந்தது என்பது தகவல். 'நான்தான் கூடவே இருந்தேன், பதினோரு நாள்' என்பது பிடி. யாரும் கேட்காமலே எண்ணிக்கையோடு சொல்கிறாள். அந்தப் பதினோரு நாளில் ஏதோ இருக்கிறது. களைப்பாக இருக்கலாம், கூடப் பிறந்தவர்கள் யாரும் வரவில்லை என்ற கோபமாக இருக்கலாம், அப்பாவோடு இத்தனை நாள் சேர்ந்தாற்போல இருந்ததே வாழ்க்கையில் முதல் தடவை என்பதாகவும் இருக்கலாம். எது என்று நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, "பதினோரு நாளும் நீ மட்டுமாடி?" என்று கேட்பது. பெரிய கேள்வியெல்லாம் இல்லை. அவள் சொன்ன வார்த்தையையே எடுத்துத் திருப்பிக் கொடுப்பதுதான்.

அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979-இல் இதைப் பற்றி எழுதினார். சாதாரண உரையாடல்களைக் கவனித்து, ஒருவர் சொன்னதற்கு நாம் சொல்லும் பதில்களை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, பேச்சை அவரிடமே விட்டுவைப்பது. இன்னொன்று, பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. 'எனக்கும் அப்படித்தான்' என்று தொடங்கும் வாக்கியங்களில் பல இரண்டாவது வகையில் போய் முடியும். நான் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி வைப்பேன். தெரிந்தவர் ஒருவரோடு, அவர் சம்மதத்தோடு, பத்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்து எடுத்து வரச் சொல்வேன். பிறகு தன் வாக்கியங்களுக்குப் பக்கத்தில் 'அவர்' அல்லது 'நான்' என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போக வேண்டும். பதிவைக் கேட்டு முடித்ததும் யாரும் சிரிப்பதில்லை. தன்னை நல்ல கேட்பாளர் என்று நினைத்திருந்தவர்கள்தான் ரொம்ப அடிபட்டுப் போவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி அடிபட்டவன்.

பேச்சைத் தன் பக்கம் திருப்புவதே தவறு என்றும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு பேருமே 'உனக்கு எப்படி இருந்தது' என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் பேட்டி. எப்போது திருப்புகிறோம் என்பதுதான் விஷயம். அவர் நீட்டிய பிடியை ஒரு தடவையாவது பிடித்த பிறகு உங்கள் மாமா கதை வந்தால் அது துணையாக நிற்கும். அதற்கு முன்னால் வந்தால் போட்டியாகிவிடும்.

தொடர்ந்து கேட்கும் கேள்விக்கு இருக்கும் பலத்தை ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். முன்பின் தெரியாத இருவரை இணையத்தில் பதினைந்து நிமிடம் பேச வைத்தார்கள். சிலரிடம் குறைந்தது ஒன்பது கேள்வி கேட்கச் சொன்னார்கள், சிலரிடம் நாலுக்கு மேல் கேட்க வேண்டாம் என்றார்கள். அதிகம் கேட்டவர்களைத்தான் எதிரில் இருந்தவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. அவர் சற்று முன் சொன்னதையே தொட்டுக் கேட்ட கேள்விகளுக்குத்தான் அந்தப் பலன். நான் தயாராக வைத்திருக்கும் கேள்வி என்னைப் பற்றிச் சொல்கிறது. தொடர்ந்து கேட்கும் கேள்வி, நீ சொன்னதைக் கேட்டேன் என்பதற்குச் சாட்சியாக இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஏன்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நம் காதில் 'ஏன்' என்பது சின்ன வயதிலிருந்தே விசாரணைச் சொல். ஏன் லேட்டு, ஏன் மார்க் குறைஞ்சது, ஏன் சொல்லலை. "ஏன் அந்த வேலையை விட்ட?" என்று கேட்டால் மனிதர் உடனே தற்காப்புக்குப் போய் நியாயம் சொல்லத் தொடங்குவார். "விட்டுடலாம்னு முதல்ல தோணினது எப்ப?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். 'எப்போது', 'எப்படி', 'அப்புறம் என்ன ஆச்சு' ஆகிய மூன்றும் காட்சியைக் கேட்கும் கேள்விகள். 'ஏன்' தீர்ப்பைக் கேட்பது. காட்சியைச் சொல்லிக்கொண்டு போகும்போது காரணம் தானாக நடுவில் வந்து விழும், பல சமயம் சொல்கிறவருக்கே அதுவரை தெரியாத காரணமாக.

அக்கறையாகக் கேட்பதற்கும் நோண்டுவதற்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். துருவித் துருவிக் கேட்கிறவர், அவர் நீட்டாத இடத்தில் பிடிக்கப் பார்க்கிறார். சம்பளம், கல்யாணம், குழந்தை என்று தன் ஆர்வம் எங்கே போகிறதோ அங்கே போகிறார். அவர் நீட்டியதை மட்டும் பிடித்தால் அது நோண்டலாகாது. பிடித்த பிறகு அவர் கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது இன்னொரு பாதி, நாம் பிடி கொடுப்பது. நிறையப் பேர் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள், குறிப்பாக 'நல்ல கேட்பாளர்' என்று பெயர் வாங்கியவர்கள். எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கேட்பது சில சமயம் நல்ல ஒளிவிடம். எல்லோர் கதையும் அவர்களிடம் இருக்கும், அவர்கள் கதை யாரிடமும் இருக்காது.

நான் சொன்ன பிரபலமான பட்டியல் இதோடு சம்பந்தப்பட்டது. 1997-இல் ஆர்தர் ஆரோன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத இருவர், 36 கேள்விகள், 45 நிமிடம். முடிவில் அந்த இருவரும், சாதாரண அரட்டை அடித்த ஜோடிகளைவிட நெருக்கமாக உணர்ந்தார்கள். 2015-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை அந்த 36 கேள்விகளைக் காதல் வரவழைக்கும் மந்திரம் போல உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. ஆனால் ஆரோனின் நோக்கம் காதல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நெருக்கத்தை உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதுதான். பரப்பியவர்கள் கவனிக்காமல் விட்ட விஷயம், அந்தச் சோதனை கட்டப்பட்டிருந்த விதம். பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தொகுதிகள், ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் ஆழம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றி, படிப்படியாக என்ற இந்த இரண்டையும் எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் ஒருவர் மேல் எறிந்தால் வாக்குமூலம் வாங்குவது போல இருக்கும்.

அன்றாடப் பேச்சில் இதைச் செய்வதற்கு 36 கேள்வியும் வேண்டாம். "எப்படி இருக்கே?" என்று ஒருவர் கேட்கிறார். "இருக்கேன்", "ஏதோ ஓடுது", "நல்லாயிருக்கேன்" ஆகிய எதிலும் பிடி இல்லை. கேட்டவர் பாவம், எதைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார்? அதையே "நல்லாதான் இருக்கேன், ஆனா புது டீமுக்கு மாத்தினதிலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தக் கலக்குது" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வாக்கியம்தான் கூடியிருக்கிறது. அதில் ஞாயிறு மாலை இருக்கிறது, வயிறு இருக்கிறது, புது டீம் இருக்கிறது. மூன்று பிடி. எதை வேண்டுமானாலும் அவர் பிடிக்கலாம். எதையும் பிடிக்காமல் வானிலைக்குத் தாவினாலும் நஷ்டமில்லை, அவர் இன்றைக்கு அந்த மனநிலையில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

எவ்வளவு சொல்வது என்று கேட்பீர்கள். கொட்டுவது வேறு, கொடுப்பது வேறு. இதுவரை நடந்த பேச்சைவிட ஒரு படி கீழே இறங்குங்கள், பத்துப் படி வேண்டாம். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முதல் நாளே உங்கள் திருமணத்தின் விரிசலைச் சொன்னால், அவருக்கு அதைச் சுமக்க வேண்டிய பாரம் மட்டும்தான் மிஞ்சும். அவர் ஒரு படி இறங்கினாரா என்று பாருங்கள், பிறகு நீங்கள் அடுத்த படி. இர்வின் ஆல்ட்மன், டால்மாஸ் டெய்லர் என்ற இருவர் 1973-இலேயே இந்தப் படிப்படியான திறப்பைக் கோட்பாடாக எழுதினார்கள். பாடப்புத்தகங்களில் அதற்கு வெங்காயத் தோலை உதாரணம் காட்டுவார்கள்.

பயம் இருக்கும். நான் இப்படிப் பேசினால் சங்கடமாகிவிடுமோ, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று. இந்தப் பயம் பெரும்பாலும் கணக்குத் தப்பானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட சோதனைகளில், அறிமுகமற்றவர்களை ஆழமான கேள்விகளைப் பற்றிப் பேச வைத்தார்கள். மற்றவர் முன் அழுத ஒரு தருணத்தைச் சொல்லுங்கள் என்ற அளவுக்குக்கூட. முன்கூட்டி நினைத்ததைவிடச் சங்கடம் குறைவாகவும் நெருக்கம் அதிகமாகவும் இருந்ததாகவே அவர்கள் சொன்னார்கள். எதிராளி நம் விஷயத்தில் காட்டப்போகும் அக்கறையை நாம் குறைத்து எடை போடுகிறோம். இன்னொரு ஆய்வு, 2018-இல் வந்தது: புதிதாக ஒருவரோடு பேசி முடித்தபின், அவருக்கு நம்மை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நாம் போடும் கணக்கு, அவருக்கு உண்மையில் பிடித்த அளவைவிடக் குறைவாகவே இருக்கிறது. அவரும் நம்மைப் பற்றி அதே தப்புக் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்த் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

அடுத்தது மௌனம். இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் பிடிகள் பெரும்பாலும் நழுவுவது இங்கேதான்.

2009-இல் பத்து மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது (தமிழ் அதில் இல்லை). ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும், மொத்தத்தில் சராசரி ஏறக்குறைய 200 மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே ஒரு சொல்லை மூளை யோசித்து எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல மூன்று மடங்கு நேரமாகும். அப்படியானால் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பதில் சொல்கிறோம்? அவர் பேசி முடிப்பதற்கு முன்பே நம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். இது கெட்ட பழக்கம் இல்லை, மனிதப் பேச்சு ஓடுவதே இப்படித்தான். ஆனால் இதன் விலை என்னவென்றால், வாக்கியத்தின் கடைசிப் பகுதி வரும்போது நாம் பாதிதான் அங்கே இருக்கிறோம். பிடியோ பெரும்பாலும் கடைசியில்தான் வரும். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, போனை வைக்கிற நேரத்தில், வாசலில் செருப்பு மாட்டும்போது.

நான் புதிதாக இந்த வேலைக்கு வந்த காலத்தில், மனைவியை இழந்த ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு முழுக்க ரத்த அழுத்தம், மாத்திரை, மகள் வாங்கிக் கொடுத்த மெத்தை என்றே போனது. எழுந்திருக்கிற நேரத்தில், "வீட்ல சத்தமே இல்ல தம்பி" என்றார். நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "டிவியப் போட்டு விட்டுக்குங்க ஐயா, கொஞ்சம் கலகலப்பா இருக்கும்" என்றேன். "ஆமாமா" என்றார். போய்விட்டார். அன்று மாலை என்னைப் பயிற்றுவித்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "என்ன சத்தம்னு கேட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. அந்த அம்மாள் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தமா, இருமலா, அவரைக் கூப்பிடும் சத்தமா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து நான் ஒரு சின்ன வேலை செய்கிறேன். அவர் முடித்துவிட்டார் என்று தோன்றும் இடத்தில், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். மூன்று என்பது கேட்பதற்குச் சுலபம், செய்து பார்த்தால் யுகம். நாலு விநாடி மௌனம் விழுந்தாலே குழுவில் தன்னை ஒதுக்குவது போன்ற உணர்வு மனிதர்களுக்கு வந்துவிடுகிறது என்று 2011-இல் ஒரு டச்சு ஆய்வு சொன்னது. அதனால் நாலுக்குப் போகாதீர்கள். மூன்றுக்குள் பாதிப் பேர் தாங்களே தொடர்ந்துவிடுவார்கள், அப்படித் தொடரும் இரண்டாவது வாக்கியம்தான் அவர்கள் உண்மையில் சொல்ல வந்தது. எதிரில் இருப்பது பழைய நண்பர் என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை. அறிமுகமில்லாதவர்களுக்கு உறுத்தும் நீண்ட இடைவெளிகளை நண்பர்கள் சங்கடமாக எடுத்துக்கொள்வதில்லை, மாறாக அந்த நேரங்களில் நெருக்கமாகவே உணர்கிறார்கள் என்று 2023-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பேசாமல் உட்கார்ந்திருக்க முடிகிறவர்கள் நண்பர்கள் என்று நாம் சும்மா சொல்லிக்கொள்வதை யாரோ அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

அறிவுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மேலே என் டிவி அறிவுரையைப் பார்த்தீர்களே. அறிவுரை பேச்சை முடித்துவைக்கும் கருவி. நமக்குத் தாங்க முடியாத ஒன்று காதில் விழும்போது அதை எடுத்து நீட்டுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி தன் தங்கையிடம் நேராகவே கேட்டுவிடுவார்: "இப்ப நான் யோசனை சொல்லணுமா, சும்மா கேட்டுக்கணுமா?" தங்கை பத்தில் எட்டுத் தடவை "சும்மா கேளுக்கா" என்பாராம். மீதி இரண்டு தடவை உண்மையிலேயே யோசனை வேண்டியிருக்கும். அதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டுக் கடன் பற்றிக் கேட்கிறவரிடம் 'நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டு உயிரை எடுக்காதீர்கள்.

ஆழம் என்றாலே சோகம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கஷ்டத்தில் தோள் கொடுத்தால்தான் உறவு என்று. ஆனால் ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் காதலர் ஜோடிகளை வைத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உறவின் நலத்தை அதிகம் காட்டிக்கொடுத்தது, நல்ல செய்தியைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதுதான். கெட்ட செய்திக்கு எப்படி நடந்துகொள்கிறார் என்பது அதற்கு அடுத்தபடிதான். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஒருவர் "எனக்கு பிரமோஷன் வந்திருச்சு" என்கிறார். "ஓ, வாழ்த்துகள்" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். "இனி வேலை நேரம் கூடுமே, வீட்டை எப்படிச் சமாளிப்ப?" என்று நல்லெண்ணத்தோடு காற்றைப் பிடுங்கலாம். "எனக்கும் போன வருஷமே வந்திருக்க வேண்டியது" என்று பேச்சைப் பிடுங்கலாம். அல்லது, "எப்ப சொன்னாங்க? யார்கிட்ட முதல்ல சொன்ன?" என்று கேட்டு, அவர் அந்த நிமிடத்தை மறுபடி ஒரு தடவை வாழ விடலாம். துக்கத்தில் கேட்கும் அதே கேள்விகள்தான்: எப்போது, எப்படி, அப்புறம் என்ன ஆச்சு. சந்தோஷத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறவர்கள் துக்கத்தைச் சொல்கிறவர்களைவிட அதிகம் என்பது என் அனுபவம். பொறாமைப்படுவார்களோ, அலட்டுகிறேன் என்பார்களோ என்ற பயம்.

சின்னப் பேச்சை இளக்காரமாக நினைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியாஸ் மெல் என்பவர் 2010-இல், 79 மாணவர்களிடம் சின்னப் பதிவுக் கருவியைக் கொடுத்து நாலு நாள் அவர்கள் பேச்சைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தவர்கள் மேலோட்டமான பேச்சைக் குறைவாகவும் பொருளுள்ள பேச்சை அதிகமாகவும் பேசினார்கள் என்று முடிவு வந்தது. உடனே 'அரட்டையை விடுங்கள்' என்று ஊரெல்லாம் எழுதினார்கள். 2018-இல் மெல்லும் அவர் குழுவினரும் இன்னும் பெரிய அளவில் பார்த்தபோது பொருளுள்ள பேச்சின் பலன் நின்றது, ஆனால் அரட்டையால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எனக்கு இது நிம்மதியாக இருந்தது. 'மழை வரும் போலிருக்கே' என்பது கதவைத் தட்டுவது. தட்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. வாசலிலேயே நின்று வருடக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நேருக்கு நேர் உட்கார்ந்து 'நாம் பேசலாம்' என்று தொடங்கினால் பலருக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, வாய் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, வண்டியில் போகும்போது, ஏதாவது கைவேலை செய்துகொண்டிருக்கும்போது, கண் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் கடினமான வாக்கியங்கள் சுலபமாக வெளியே வருகின்றன. மேஜைமேல் போன் இருந்தாலே பேச்சின் தரம் குறைகிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது, பிறகு வந்தவற்றில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. போன் எங்கே இருக்கிறது என்பதைவிட, கண் எத்தனை தடவை அதற்குப் போகிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

அதோடு, நேரம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்குப் போட்டார்: அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம், நட்பாக 90, நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல். எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒரே ஓர் அற்புதமான இரவுப் பேச்சு எல்லாவற்றையும் செய்துவிடாது என்பது புரியும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே உயிர் நண்பர்களாக இருந்தார்கள்தான். அந்தச் சலுகை புலவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். நமக்கெல்லாம் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே பாலம் வேண்டும். அந்தப் பாலம் ஞாபகம். போன தடவை அவர் விட்ட இடத்தை இந்தத் தடவை நீங்கள் எடுப்பது. "அந்த இன்டர்வியூ என்ன ஆச்சு?" என்று ஒரு வாரம் கழித்து வருகிற ஒற்றை வரிச் செய்தி, நேரில் பேசிய ஒரு மணி நேரத்தைவிடச் சில சமயம் ஆழமாக இறங்கும். நான் நோட்டில் எழுதி வைக்கிறேன். செயற்கை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பிறந்தநாளைக் காலண்டரில் குறிப்பவர்கள்தானே நாம்.

எல்லோரோடும் இது நடக்காது. சிலர் பிடி கொடுக்கவே மாட்டார்கள், அது அவர்கள் உரிமை. சிலர் எடுத்துக்கொண்டே போவார்கள், ஒரு நாளும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு அந்த உறவை அதன் ஆழத்திலேயே விட்டுவிடலாம். யாராவது தாங்க முடியாத இருட்டில் இருப்பது தெரிந்தால், நல்ல பேச்சு மட்டும் போதாது, மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூடவே போய்விட்டு வர ஆள் வேண்டும்.

இனி உங்கள் அண்ணனுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே அவர் நீட்டிய பிடி இருக்கிறது. தூக்கம் சரியாக வருவதில்லை என்றார். வைக்கிற நேரத்தில், கேட்காமலே. நீங்கள் டாக்டரைக் கையில் கொடுத்தீர்கள், நான் அந்தப் பெரியவர் கையில் டிவியைக் கொடுத்த மாதிரி. பரவாயில்லை, ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது, இன்னும் பழசாகவில்லை.

அடுத்த தடவை பேசும்போது வழக்கமான நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு முடியட்டும். அப்புறம், "அண்ணே, போன வாரம் தூக்கம் வரலைன்னு சொன்னீங்களே, ராத்திரி முழிச்சுக்கிட்டு இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். கேட்டுவிட்டு மூன்று எண்ணுங்கள். போனில் மூன்று இன்னும் நீளமாக இருக்கும், லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ" சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். மொட்டை மாடியில் நடப்பேன் என்று சொல்லலாம், பழைய கணக்கெல்லாம் மனதில் ஓடும் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா, வயசாச்சு" என்று சிரித்துவிட்டாரென்றால் நீங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த வாரம், அவரைக் கேட்காமல், உங்களுக்குத் தூக்கம் வராத ஒரு ராத்திரியைப் பற்றி நீங்கள் முதலில் சொல்லுங்கள்.